பியட் காருக்குள் ஒரு சட்டை

ஜோதிக்குப் பயம் கூடவே பிறந்தது. கணவன் முத்துப்பாண்டியின் ஜீப்பு ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு விடிகாலையில் போடிமெட்டுக்கு ஏறினால், சாயங்காலம் அது வாசலில் வந்து நிற்கும்வரை அவள் தெருவை எட்டி எட்டிப் பார்ப்பாள். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். பேரப்பிள்ளை பிறந்து நாற்பது நாளாகியும், தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பாள்.

"இவளுக்குப் பயப்பட ஒண்ணும் கிடைக்கலன்னா, ஏன் கிடைக்கலன்னு பயப்படுவா" என்று முத்துப்பாண்டி சொல்லிச் சிரிப்பான். பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் முத்துப்பிரியாவும் சேர்ந்து சிரிப்பாள். ஜோதியும் சிரித்துவைப்பாள்.

அவளும் ஒரு காலத்தில் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனவள்தான். ஜீப்பின் பின்பக்கத்தில் பன்னிரண்டு பேர், உட்கார வெறும் இரும்புப் பட்டை. ஒருநாள் வளைவில் வண்டி குலுங்கியதில், பக்கத்தில் இருந்த சுப்புத்தாய்க்குக் கம்பி இடித்து நெற்றி கிழிந்து ஏழு தையல் போட்டார்கள். அந்த வாரமே ஜோதி பழைய போம் மெத்தைத் துண்டும் ரெக்ஸினும் வாங்கி, வீட்டுத் தையல் மிஷினில் நாலு ஊசி உடைத்து, புருசன் வண்டிக்கு ஒரு சீட்டும் கம்பிக்கு ஒரு மெத்தை உறையும் தைத்துப் போட்டாள். அதைப் பார்த்து அடுத்த வண்டிக்காரர் கேட்டார். பதினேழு வருசத்தில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் கனத்த மிஷின் வந்தது. இன்றைக்குப் போடியில் ஓடும் ஜீப்புகளில் பாதிக்கு அவள் தைத்த சீட்டுதான். போர்டு கிடையாது. குஷன் ஜோதி என்றால் ஆட்டோக்காரர்கள் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள்.

ஆனி மாசம் அவள் வாசலுக்கு ஒரு பியட் கார் வந்தது. குரங்கணிக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் சூர்யபிரகாஷ் கொண்டுவந்தான். அவனுடைய அப்பா ஓட்டிய கார். தோட்டத்துக் கொட்டகையில் பதினோரு வருசம் நின்றிருக்கிறது. என்ஜின் வேலையும் பெயிண்டும் முடிந்துவிட்டன. உள்ளே மட்டும் கந்தலாகக் கிடந்தது. ஆவணியில் தங்கச்சி கல்யாணம், பொண்ணு அந்தக் காரில்தான் மண்டபத்தில் போய் இறங்க வேண்டும் என்றான்.

"நான் காரு பண்ணதில்லயே தம்பி. மதுரையில பெரிய கடைக இருக்குங்க."

"ஜீப்புல வந்தேன்க்கா. மேல இருந்து போடி வரைக்கும் முதுகு வலிக்கல. யாரு தச்சதுன்னு கேட்டேன். நீங்களே பண்ணுங்க."

சரி என்று சொல்லிவிட்டு மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் நாள் சீட்டுகளைக் கழற்றினாள். தேங்காய்நார் மெத்தை தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. எலிகள் கூடு கட்டியிருந்தன. பின்சீட்டுக்கு அடியில் இருந்த பள்ளத்தை அவளே குனிந்து, விளக்குமாறால் கூட்டி, ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தாள். அடுத்த மூன்று நாளும் மேல்கூரைத் துணியோடு போராட்டம். வளைந்த கம்பிகளில் துணியைக் கோத்து, ஓரத்தில் பசை தடவி, ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சுருங்கும். கழுத்து ஒடிய அண்ணாந்து கிடந்து நாலாம் நாள் சாயங்காலம் துணி விறைப்பாக நின்றபோது, கூரையை விரலால் சுண்டிப் பார்த்தாள். டொப்பென்று சத்தம் வந்தது. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். பிறகு கதவுகள். மூன்று கதவின் உள் அட்டைகளை மாற்றியாகிவிட்டது. பின்பக்கத்து இடது கதவு மட்டும் பாக்கி. அதன் அட்டை அடியில் உளுத்துப்போய்க் கை நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, புது ஸ்பிரிங் சட்டத்தைப் பொருத்திப் பார்க்கப் பின்சீட்டுப் பள்ளத்துக்குள் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பாம்புச் சட்டை. ஒரு முழம்கூட இருக்காது. தொட்டால் நொறுங்குகிற பழைய சட்டை இல்லை. மெத்தென்று, லேசான ஈரத்தோடு இருந்தது. அந்தப் பள்ளத்தைக் கூட்டித் துடைத்தது அவள் கைதான். அப்படியானால் உரித்துப் போட்டது இந்த எட்டு நாளுக்குள். அவள் உள்ளே படுத்துக் கிடந்த எட்டு நாள்.

மெதுவாக வெளியே வந்து கதவைச் சாத்தினாள். காருக்கும் வீட்டு நிலைப்படிக்கும் பத்து எட்டு வைக்கும் தூரம்தான். நிலைப்படிக்கு உள்ளே தொட்டில்.

வாயைத் திறந்து கூப்பிடத்தான் நினைத்தாள். ஆனால் போன வாரம்தான் கொட்டகைக்குள் பாம்பு என்று அவள் கத்தியதில், முத்துப்பாண்டி கம்போடு ஓடிவந்து பார்த்தபோது அது சீட்டு ஓரத்துக்குத் தைக்கும் கறுப்பு பீடிங் துண்டாக இருந்தது. தெருவே சிரித்தது. இதைச் சொன்னாலும் எங்கேயோ இருந்து காற்றில் பறந்து வந்திருக்கும் என்பார்கள். நம்பினாலோ இன்னும் மோசம். வண்டியை எடுத்துப்போகச் சொல்வார்கள். சூர்யபிரகாஷ் மதுரைக்குக் கொண்டுபோய்விடுவான். கார் வேலைக்கு லாயக்கில்லை என்று ஊர் பேசும். சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி ரெக்ஸின் கட்டுக்கு அடியில் வைத்தாள். வெளியே போயிருந்தாலும் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நெஞ்சு கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் கோலமாவை எடுத்துக் காரின் தரை முழுக்க மெலிசாகத் தூவினாள். நாலு சக்கரத்தைச் சுற்றியும் தூவினாள்.

"என்னம்மா, காருக்கும் கோலமா?" என்று பிரியா கேட்டாள்.

"எறும்பு வருதுடி" என்றாள் ஜோதி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். சக்கரத்தைச் சுற்றிய மாவு கலையாமல் இருந்தது. உள்ளே, பின்பள்ளத்தில் இருந்து வளைந்து வளைந்து ஒரு தடம், இடது கதவின் உளுத்த அட்டைவரை போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

குளியலறையில் போய் முகம் கழுவினாள். யாரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தாள். அங்கே பிரியா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் கதவின் கைப்பிடியில் கை வைத்து நின்றாள்.

"வா அப்பு, காருல உக்காந்து மெட்ராஸ் போவமா..."

"விடுறீ கைய!"

ஜோதி போட்ட சத்தத்தில் பிள்ளை வீறிட்டது. பாய்ந்து போய் மகளின் தோளைப் பிடித்து இழுத்தாள். பிரியா தடுமாறிச் சுவரில் சாய்ந்தாள். "கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? பச்சப்பிள்ளய வச்சிருக்கேன், இப்படியா இழுப்ப?" என்று அழுகிற குரலில் கத்தினாள்.

ஜோதி கொட்டகைக்குள் போய்ப் பையை எடுத்துவந்து, சத்தம் கேட்டு வெளியே வந்த முத்துப்பாண்டியின் கையில் கொடுத்தாள். அவன் பிரித்துப் பார்த்தான். காரின் தரையில் இருந்த தடத்தையும் குனிந்து பார்த்தான். சிரிக்கவில்லை.

"எப்ப பாத்த?"

"நேத்து."

"நேத்தா? பிள்ள இருக்கிற வீட்டுல, நேத்துப் பாத்தத இப்பச் சொல்ற?"

அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஜோதிக்குப் பட்டது. அவன் அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது.

பிரியாவையும் பிள்ளையையும் எதிர்வீட்டுக்கு அனுப்பினார்கள். தெரு கூடிவிட்டது. வண்டியை ரோட்டுக்குத் தள்ளு என்றார் ஒருவர். மிளகாய் வற்றலைக் கொளுத்திப் புகை போடு என்றார் இன்னொருவர். முத்துப்பாண்டி தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டான். அரை மணி நேரத்தில் இடுக்கியும் சாக்கும் எடுத்துக்கொண்டு முத்துக்கண்ணன் என்ற வீரரும் கூட ஒருவரும் வந்தார்கள்.

முத்துக்கண்ணன் கதவை விரலால் தட்டினார். உள்ளே இருந்து, காய்ந்த எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கூட்டம் பின்னால் நகர்ந்தது.

"சுருட்டை விரியன். சின்னதுதான், ஆனா பொல்லாதது. ஓட்டை வழியா பினாயில ஊத்துவோம், வெளிய வந்துரும்."

"எந்தப் பக்கமா வரும் சார்?" என்று கேட்டாள் ஜோதி.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"கதவுக்குள்ள கீழ தண்ணி வடியிறதுக்கு மூணு ஓட்டை இருக்குங்க. எதுல வேணா எறங்கும். எறங்கி வீட்டுக்குள்ள போயிருச்சுன்னா? அட்டையில ஆறு ஸ்க்ரூ. கைப்பிடி ஒண்ணு, கண்ணாடி ஏத்துற பிடி ஒண்ணு. எல்லாத்தையும் எடுத்துட்டா அட்டை அப்படியே மேல இருந்து கீழ சாயும். நீங்க இடுக்கியோட நில்லுங்க. நான் கழத்துறேன்."

"ஏ புள்ள, நீ வேணாம். எங்கிட்டச் சொல்லு, நான் கழத்துறேன்" என்றான் முத்துப்பாண்டி.

"ஒங்களுக்கு ஸ்க்ரூ எங்க இருக்குன்னு தெரியாதுங்க. ரெக்ஸினுக்கு அடியில இருக்கு. தடவித்தான் கண்டுபிடிக்கணும்."

கதவை மெதுவாகத் திறந்து, கீழே இருந்த மூன்று ஓட்டையிலும் துணியைத் திணித்தார்கள். அட்டையின் பிளவில் சாக்கை அடைத்தார்கள். முத்துக்கண்ணன் கொடுத்த தடித்த கையுறையை மாட்டிக்கொண்டால் ஸ்க்ரூ பிடிபடவில்லை. இடது கையில் மட்டும் போட்டுக்கொண்டு, வலது கையை வெறுமனே வைத்தாள். கைப்பிடியும் கண்ணாடிப் பிடியும் கழன்று வந்தன. ஒவ்வொரு ஸ்க்ரூவைத் திருகும்போதும் உள்ளே கடுகு பொரிந்தது. நாலாவது துருப்பிடித்து நகரவே இல்லை. எண்ணெய் விட்டு, அட்டையில் கன்னம் படும் தூரத்தில் காத்திருந்தாள். வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. முத்துப்பாண்டி அவள் இடுப்புச் சேலையைப் பின்னால் இருந்து பிடித்துக்கொண்டே நின்றான், இழுத்துவிடுவதற்குத் தயாராக.

ஆறாவது ஸ்க்ரூ கழன்றதும் "சாயுது சார்" என்றாள். அவன் இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள். கதவின் இரும்புக் குழிக்குள், பழுப்பு நிறத்தில் சுருண்டு கிடந்தது அது. முத்துக்கண்ணன் இடுக்கியை ஒரு தரம்தான் நீட்டினார். சாக்கின் வாயைக் கட்டிய பிறகுதான் தெருவில் பேச்சு வந்தது.

வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர், ஜோதியிடம், "நீங்க பயப்படாத ஆளும்மா" என்றார். எதிர்வீட்டு வாசலில் நின்ற பிரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மத்தியானம் ஜோதி சூர்யபிரகாஷுக்குப் போன் செய்தாள். என்னென்ன கேட்பான், எதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாள். நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையேக்கா? பிள்ள நல்லாருக்குல்ல?"

அந்தக் கேள்விக்கு அவள் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. போனை முத்துப்பாண்டியிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் முழுக்க அவளால் காருக்குள் ஏற முடியவில்லை. அதற்கடுத்த நாள் கம்பால் எல்லா இடத்தையும் தட்டிவிட்டு ஏறினாள். சந்தன நிற ரெக்ஸினில் சீட்டுகள் தைத்து, ஓரத்துக்கு அரக்கு பீடிங் வைத்து, சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே வண்டியைக் கொடுத்தாள்.

கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் ஓரமாக நின்றாள். கார் வந்து நின்றது. பொண்ணு இறங்கக் கதவைத் திறந்தார்கள். ஜோதி பொண்ணைப் பார்க்கவில்லை. பின்கண்ணாடிக்கு மேலே, கூரைத் துணியின் வலது மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு சுருக்கம் தெரிந்தது.

சாப்பிட இலைமுன் உட்கார்ந்தவளுக்கு அதே நினைப்புதான். பந்தி விசாரித்து வந்த சூர்யபிரகாஷைப் பாயசம் பரிமாறும்போது நிறுத்தி, "தம்பி, மூலையில கொஞ்சம் தொய்ஞ்சிருக்குங்க. கல்யாண சோலி எல்லாம் முடியட்டும், ஒரு நாள் வண்டியக் கொண்டாங்க. ஒரு மணி நேர வேலைதான்" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலயேக்கா."

"எனக்குத் தெரியுதுங்களே" என்றாள் ஜோதி.