ஊதா மருந்தும் குளத்து மண்ணும்

1. அண்ணாச்சியின் தம்ளர்

ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. லாரி கிளீனர், ஹோட்டல் சப்ளையர், புதுத் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன் என்று எந்த வேலையிலும் நான் நிலைத்ததில்லை. எழுபதுகளின் நடுவில் தோள் பிசகி மூட்டை தூக்க முடியாமல் போனபோது, தூத்துக்குடியில் களிமண் விற்ற வைத்திலிங்கம் அண்ணாச்சியிடம் சேர்ந்தேன். சாப்பாடு உண்டு, ஷெட்டில் படுத்துக்கொள்ளலாம் என்றார். அது போதுமாக இருந்தது.

ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு குளத்தில் மண் வெட்டி, காயவைத்து, இடித்து, வேட்டித் துணியில் சலித்துப் பொட்டலம் கட்டுவது வேலை. தண்ணீரில் கலக்கிக் குடித்தால் உடம்பிலுள்ள விஷமெல்லாம் இறங்கிவிடும் என்பார் அண்ணாச்சி. சந்தையில் அதற்கு ஒரு வேடிக்கையும் காட்டுவார். உப்பளத்தில் நிற்பவர்கள் கால்புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் விடுவார். தண்ணீர் முழுக்க ஊதாவாகும். பிறகு மண்ணைப் போட்டுக் கலக்குவார். எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் மண் சீக்கிரம் படியும். அவர் பேசி முடிக்கும்போது மேலே தண்ணீர் தெளிந்திருக்கும்.

"பாத்தியளா? வயித்துக்குள்ளயும் இதான் நடக்கும்."

நானும் நம்பிக் குடித்தேன். தோள்வலி போகவில்லை. மலச்சிக்கல் வந்தது.

2. ரோசம்மாள் வீட்டுத் தம்ளர்

ரோசம்மாள் உப்பளத்துக்காரி. அவளுக்கு வலிப்பு உண்டு, பெரியாஸ்பத்திரி மாத்திரையில் அடங்கியிருந்தது. இங்கிலீஷ் மாத்திரை சூடு, மண் குளிர்ச்சி என்று எங்கள் பக்கம் நினைப்போம். அதனால் சூடு முறிய மாத்திரையை மண் தண்ணீரோடு விழுங்கச் சொல்லியிருந்தார் அண்ணாச்சி.

ஒரு நாள் பொட்டலம் கொடுக்கப் போனபோது அவள் நெற்றியில் கட்டுப் போட்டிருந்தாள். அவள் புருஷன் அந்தோணி, தோணியில் வேலை பார்ப்பவன், சொன்னான்: "மறுபடியும் வலிப்பு வருதுலே. நேத்து உப்புப் பாத்தியில குப்புற விழுந்துட்டா. பக்கத்துல ஆளு இல்லன்னா அந்தச் சாண் தண்ணியிலயே போயிருப்பா."

"அண்ணாச்சிட்ட சொன்னியளா?"

"விஷம் கிளம்பி வெளிய வருது, மண்ணைக் கூட்டிக் குடுன்னு சொல்லுதாரு. மாத்திரையத்தான் விட்டுரலாம்னு பாக்கேன். அது ஒண்ணும் கேக்கலியே."

ரோசம்மாள் அப்போது கால்புண்ணில் ஊதா மருந்து தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தைத் தம்ளர் நினைவுக்கு வந்தது. குப்பியை வாங்கி, அவர்கள் வீட்டுத் தம்ளரிலேயே அண்ணாச்சியின் வேடிக்கையைச் செய்தேன்.

"என் வீட்டுலயே வித்தை காட்டுதியா? துட்டு கிடையாதுலே" என்றாள் அவள்.

தண்ணீர் தெளிந்தது. "இதுல விட்டது என்னக்கா?"

"மருந்து."

"இப்ப எங்க?"

அந்தோணி தம்ளரைத் தூக்கிப் பார்த்தான். "மண்ணு இழுத்துட்டு. விஷத்தையும் இப்படித்தான இழுக்கும்?"

"இழுக்கலாம். எது விஷம், எது மாத்திரைன்னு மண்ணுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

ரோசம்மாள் சிரிக்கவில்லை. "அப்ப இத்தன நாளும் நான் மாத்திரைய மண்ணுக்குல்லா குடுத்திருக்கேன்" என்றாள்.

3. டாக்டரம்மா கேட்டது

மூன்று பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா முழுவதும் கேட்டார்.

"மண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா வயித்துல சில மருந்தை மண்ணு பிடிச்சு வச்சுக்கும். மண்ணை இன்னையோட நிறுத்துங்க. மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. திடீர்னு விட்டா வலிப்பு நிக்காம உயிருக்கே ஆபத்தாயிடும்."

மண் குடித்தால் விஷம் இறங்குமா என்று கேட்டேன்.

"கழிவை வெளிய தள்ள ஈரலும் கிட்னியும் இருக்கு. மண்ணு குடிச்சா விஷம் இறங்கும்னு யாரும் நிரூபிச்சு நான் படிச்சதில்ல. புண்ணில்லாத தோல்ல பூசினா குளிர்ச்சியா இருக்கும், அவ்வளவுதான். அந்த மண்ணுல ஈயம் இருக்கா, புழு முட்டை இருக்கான்னு யாராவது பாத்தீங்களா? ஈயம் வயித்துப் பிள்ளையையும் கெடுக்கும்."

"வேட்டித் துணியில சலிச்சோம் அம்மா" என்றேன். அந்தக் குளத்தில்தான் எருமைகள் கிடக்கும்.

4. கடைசிச் சந்தை

அண்ணாச்சி ஏமாற்றுக்காரர் இல்லை. தினமும் அவரும் அதே மண்ணைக் குடித்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ரோசம்மாளுக்கு ஒத்துக்கல, விடு. மத்தவங்களுக்கு என்ன?" என்றார்.

அடுத்த சந்தையில் பொட்டலத்துக்குக் கை நீட்டியவர்களிடம், மாத்திரை சாப்பிடுகிறீர்களா, மாசமாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றவர்களைத் திருப்பி அனுப்பினேன். கூட்டம் கலைந்தது.

"ஏலே, நீ எனக்கு வேலை பாக்கியா, ஆஸ்பத்திரிக்கா?" என்றார் அண்ணாச்சி. அன்றைக்கே ஷெட்டிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ரோசம்மாளுக்கு வலிப்பு மெதுவாக அடங்கியது. உப்பளத்துக்குத் திரும்பினாள். கொஞ்ச காலம் பாத்தியில் அவளைத் தனியாக விடாமல் கூட ஒருத்தி நின்றாள்.

பிறகு நான் பல ஊர் சுற்றினேன். தம்ளரில் தண்ணீரைத் தெளியவைத்து மருந்து விற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கூட்டம் தெளிந்த தண்ணீரைப் பார்க்கும். நான் அடியில் படிந்திருப்பதைப் பார்ப்பேன். அதில் யாருடைய மாத்திரை கிடக்கிறதோ என்று.