பாலர் வகுப்பில் அன்ரி

எண்பதுகளின் நடுவில் சித்தப்பாவோடு லண்டனுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு நாலு. அப்பா காலமாகிவிட்டார். விசா கிடைக்காததால் அம்மா யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார். சித்தப்பா நாலு பேரோடு ஒரே அறையில் இருந்தார். அவர் ஷிப்டுக்குப் போனால் நாங்கள் இருவரும் தனியே. இது பள்ளிக்கூடத்துக்குத் தெரியவர, பிள்ளைகள் நலனைப் பார்க்கும் கவுன்சில்காரர்கள் எங்களைத் தெற்கு லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வளர்ப்புத் தாயிடம் கொண்டுபோய் விட்டார்கள்.

அவர் ஐம்பது வயது வெள்ளைக்காரி. கணவரோ பிள்ளைகளோ இல்லை. பள்ளிக்கூடமொன்றில் மதியச் சாப்பாடு பரிமாறும் வேலை. சித்தப்பா சொன்னபடி அவரை எங்கள் ஊர் வழக்கில் அன்ரி (ஆன்ட்டி) என்று கூப்பிட்டோம். நாங்கள் சோறு சாப்பிடுகிறவர்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். முதல் நாளே சோற்றைப் பாலில் குழைய வேகவைத்து, மேலே ஸ்ட்ரோபெரி ஜாம் விட்டுத் தந்தார். நான் அழுதேன். தங்கை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாள்.

இரண்டு வருடம் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டுக்குப் பேச வழியில்லாததால், அம்மா கொழும்புக்கு வரும்போதெல்லாம் எங்களுக்குப் போன் எடுப்பார். ஒருநாள் தங்கை முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் பேசிவிட்டு ரிசீவரை என்னிடம் தந்தாள்.

"சின்னவள் என்ன சொல்றாள்? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றார் அம்மா.

போனை வைத்ததும் அன்ரி என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். கோப்பையில் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

அந்தச் சனிக்கிழமையே எங்களை, நம்மவர்கள் வாரம் ஒருமுறை நடத்தும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த ஆசிரியை, "வீட்டிலயும் தமிழ் கதைக்க ஆள் வேணும், இல்லாட்டி நிக்காது" என்று என்னிடம் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். "அப்படியானால் என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லு" என்றார் அன்ரி.

பாலர் வகுப்பில், முழங்கால் நெஞ்சைத் தொடும் குட்டிக் கதிரையில், தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அ, ஆ எழுதினார். 'ழ' வருவதற்கு மூன்று மாதம் பிடித்தது. குளிரூட்டிப் பெட்டி, சீனிப் போத்தல், கழிவறைக் கதவு என்று வீடு முழுக்கத் தமிழில் பெயர் எழுதி ஒட்டினார். வருட முடிவுச் சோதனையில் என்னை விட அவருக்குத்தான் கூடப் புள்ளி. எனக்கு அவமானமாக இருந்தது. அவர் அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டினார்.

பிறகு ஒருநாள் கவுன்சில் அலுவலர் வந்தார். தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்க் குடும்பத்தில் வளர்வதுதான் முறை, லண்டனின் மறுகோடியில் வால்தம்ஸ்டோவில் ஒரு குடும்பம் முன்வந்திருக்கிறது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அன்ரியும் மறுத்துப் பேசவில்லை. பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்திவைத்தார்.

அந்த நேரம் தங்கை தோட்டத்து மண்ணோடு ஓடிவந்து பிஸ்கட்டில் கை வைத்தாள்.

"கையைக் கழுவிப்போட்டுத் தொடு எண்டு எத்தினை தரம் சொல்றது?" என்றார் அன்ரி.

"கழுவினனான்."

"பொய் சொல்லாதை. காட்டு."

அலுவலரின் பேனை நின்றது. இது என்ன பாஷை என்று கேட்டார். தமிழ் என்றேன். பிறகு எங்கள் விருப்பத்தைக் கேட்டார். அம்மா வரும்வரை இங்கேயே இருக்கிறோம் என்றோம். நெடுநேரம் எழுதினார். சில கிழமைகளில் கடிதம் வந்தது. இருக்கலாம் என்று போட்டிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்மாவுக்கு விசா கிடைத்தது. விமான நிலையத்தில் அன்ரி கைகூப்பி, பாடப் புத்தகத்திலிருந்து மனனம் செய்து வந்தபடி, "வணக்கம். தங்கள் பயணம் இனிதாக அமைந்ததா?" என்றார். அம்மா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். பேசியது யார் என்று விளங்கியதும், "ஓம், இனிதாக அமைந்தது" என்றார். அப்படியொரு தமிழை அம்மா அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசவில்லை.

பத்து வயதாகியும் தங்கை அன்ரியின் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அம்மா நீட்டிய கை அப்படியே நின்றது. அன்ரி குனிந்து, "போ பிள்ளை, உன்ரை அம்மா" என்றார். அவள் போகவில்லை. காரில் அம்மாவுக்கும் அன்ரிக்கும் நடுவில் இருந்தவள், பாதி வழியில் அம்மாவின் மடியில் தலை வைத்து நித்திரையாகிவிட்டாள். அம்மா வீடு வரும்வரை அசையவேயில்லை.

அடுத்த தெருவிலேயே எங்களுக்கு ஒரு பிளாட் கிடைத்தது. அம்மா ஆங்கிலம் படிக்க அவசரப்படவில்லை. கிளினிக்குக்கு அன்ரியோடுதான் போவார். அம்மா யாழ்ப்பாணத் தமிழில் முழங்கால் வலியைச் சொல்வார். அந்த வெள்ளைக்காரி அதை டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்வார். டாக்டர் நம் ஊர்க்காரர், தமிழர். முதல் தடவை அவர் தனக்கும் தமிழ் தெரியும் என்று குறுக்கிடாமல், இருவரும் முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாராம்.