தலையில்லாத மூணு செட்

ஒன்பது பாகக் கதையை ஒருத்தருக்குச் சிபாரிசு பண்றது கல்யாணத்துக்கு வரன் சொல்ற மாதிரி. நல்லா அமைஞ்சா சொன்னவ பேரு யாருக்கும் ஞாபகம் இருக்காது, அமையலைன்னா ஆயுசுக்கும் திட்டு. "முதல் நூறு பக்கம் மட்டும் பொறுத்துக்கங்க, அப்புறம் பாருங்க"ன்னு நீங்களும் யாருகிட்டயாவது கெஞ்சியிருந்தா, வாங்க, நீங்க நம்ம கட்சி.

ஜெராக்ஸ் மெஷினுக்கு இடம்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு புத்தகக் கடையில வேலை பாக்குறேன். கடை முழுக்கப் பரீட்சை கைடு. வாசப் பக்கம் ஒரே ஒரு ரேக்ல மட்டும் கதைப் புத்தகம். அதுல டிராகன், மந்திரவாதி, ஒருத்தரை ஒருத்தர் நம்பாத ராஜகுடும்பம்னு ஒன்பது பாகத்துக்கு ஓடுற கதை ஒண்ணு, மூணு செட். முதலாளி ஒரு நாள் அந்த ரேக்கை முழம் போட்டு அளந்தார். பொங்கல் கழிச்சு ஏஜென்ட் வேன் வரும்போது மூணு செட்டையும் திருப்பி அனுப்பிட்டு, அங்க ஜெராக்ஸ் மெஷின் போடப் போறாராம். அதைப் பாத்துக்கிற ஆளு நானாம்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்த ஒன்பதையும் ரெண்டு தடவை படிச்சவ நான். அந்த ரேக்குக்காகத்தான் இவர் குடுக்கிற சம்பளத்துக்கு இங்க நிக்கிறேன். ஆனா ஏஜென்ட் முழு செட்டா இருந்தாத்தான் திரும்ப எடுப்பார். ஒரு பாகம் குறைஞ்சாலும் தொட மாட்டார். மூணு செட்டுலயும் முதல் பாகத்தைத் தனியாப் பிரிச்சு வித்துடறதுன்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன். இது தெரியாம முதலாளி சொல்லிட்டு இருந்தார்: "பெரம்பலூர்ல எவனுக்கு ஒன்பது பாகம் படிக்க நேரம் இருக்கு செல்வி? பஸ்ஸுக்கு நிக்கிறவன் ரெண்டு காப்பி ஜெராக்ஸ் எடுப்பான்."

கேள்வி வருமா?

வேப்பந்தட்டையில இருந்து ஒருத்தர் போலீஸ் பரீட்சைக்கு கைடு வாங்க வருவார். ரொம்ப நாளா எழுதிட்டு இருக்கார். அவர் கையில முதல் பாகத்தைக் குடுத்தேன். புரட்டிப் பாத்துட்டு, "இதுல இருந்து கேள்வி வருமாக்கா?"ன்னார். "வரவே வராது. அதுக்காகத்தான் படிக்கச் சொல்றேன்"னேன். வேலை கிடைச்சதும் வந்து வாங்குறேன்னு நழுவப் பாத்தார். வேலை கிடைச்சா உங்களுக்கு நேரம் இருக்காது, கிடைக்கலைன்னா மனசு இருக்காது, இப்பவே எடுத்துக்கங்கன்னு பில்லைப் போட்டுட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு வந்தவர் முகத்துல தூக்கமே இல்ல. பயந்துட்டேன். பக்கத்துல வந்து மெதுவாச் சொன்னார்: "கைடுக்குள்ள வெச்சுப் படிக்கிறேன்க்கா. புள்ள சோத்தைக் கூட மறந்து படிக்குதுன்னு எங்கம்மா தெருவெல்லாம் சொல்லிட்டு இருக்கு."

முப்பது கிலோ

லப்பைக்குடிக்காட்டுல இருந்து ஒரு புருஷன் பொஞ்சாதி வந்தாங்க. அவர் லீவு முடிஞ்சு துபாய்க்குக் கிளம்புறார். "ரூமுக்கு வந்தா போனையே பாத்துட்டுக் கெடக்குறாரு, படிக்க எதாவது குடுங்க"ன்னு அந்தம்மா கேட்டாங்க. நான் ரேக்கைக் காட்டினேன். அவர் ஒரு பாகத்தைத் தூக்கிப் பாத்துட்டு, பிளைட்டுல முப்பது கிலோதான் விடுவான், ஒன்பதையும் வெச்சா ஊறுகாயும் மசாலாப் பொடியும் எங்க வைக்கிறதுன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். முதல் பாகம் மட்டும் எடுத்துட்டுப் போங்க பாய்னு சொன்னேன். எனக்கு வேண்டியதும் அதுதானே.

அந்தம்மா காசு குடுத்துட்டு வெளிய போய் நின்னுட்டாங்க. எதுக்கோ கண்ணைத் தொடைச்சாங்க. அவர் புத்தகத்தைப் பையில வெச்சுக்கிட்டே சொன்னார்: "நல்லா இருக்கக் கூடாதுன்னு துஆ செய்ங்க தங்கச்சி. நல்லா இருந்துச்சுன்னா மீதி எட்டுக்கு அடுத்த லீவு வரைக்கும் ரெண்டு வருசம் காத்துக் கெடக்கணும்."

கடல் சங்கு

மூணாவது முதல் பாகம் நகரவே இல்ல. வேன் வர்ற அன்னிக்கும் ரேக்லயே உக்காந்திருந்துச்சு. அந்த நேரம் பாத்து அரியலூர்ல இருந்து ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர், பேத்திக்குக் கணக்கு கைடு வாங்க வந்தார். அட்டையில இருந்த டிராகனைப் பாத்துட்டு, "படிச்ச பொண்ணு, இந்தக் கண்கட்டு வித்தையெல்லாம் விக்கிறியேம்மா"ன்னார்.

விடுவேனா? "சார், உங்க ஊர்ல சுண்ணாம்புக்கல் தோண்டுற குழியில கடல் சங்கு கல்லாகிக் கெடக்கு. கடல் எங்க இருக்கு, அரியலூர் எங்க இருக்கு? அதை நம்புறீங்க, நான் காட்டுற டிராகனை மட்டும் நம்ப மாட்டீங்களா?"ன்னு கேட்டுட்டேன். கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன். வாசல்ல வேன் வந்து நிக்குது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டினார், தொடைச்சார், திரும்ப மாட்டினார். எனக்கு உசுரு போயிட்டு வந்துச்சு. அப்புறம் சொன்னார்: "இதையும் சேர்த்துப் பில்லு போடு. தப்பு கண்டுபிடிக்கவாவது படிச்சுத்தானே ஆகணும்."

வேன்காரர் முன்னாடி

ஏஜென்ட் ஆளு மூணு செட்டையும் பிரிச்சுப் பாத்துட்டு, "சார், மூணுக்கும் தலை இல்ல. நான் எடுக்க முடியாது"ன்னு கையை விரிச்சுட்டார். முதலாளி என்னைப் பாத்தார். ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? நான்தான் வித்தேன், விக்கிறதுக்குத்தானே சம்பளம் குடுக்குறீங்கன்னு சொன்னேன். வேலை போனாலும் போகட்டும்னுதான் நின்னேன்.

முதலாளி இருபத்து நாலு புத்தகத்தையும் பாத்தார். முதல் பாகம் இல்லாம இதை எவன் வாங்குவான்னு அவருக்கு அவரே கேட்டுக்கிட்டார். எவனும் வாங்க மாட்டான் முதலாளின்னேன். அப்போ மூணு முதல் பாகம் இறக்கிக்கலாமான்னு கேட்டார். மூணு பத்தாது, ஆரம்பிக்கிறவங்கள்ல பாதிப் பேரு நடுவுல நின்னுடுவாங்க, குறைஞ்சது பத்து வேணும்னேன். வேன்காரர் சிரிச்சுட்டார். முதலாளி சிரிக்கல. ரேக்கை இன்னொரு தடவை பாத்துட்டுச் சொன்னார்: "பத்தாவே இறக்குப்பா. இவளைத் தாண்டி ஜெராக்ஸ் மெஷினை உள்ள கொண்டுவர என்னால முடியாது."

நீளமான கதை விக்கிறவங்களுக்கு இந்த ஒரு சௌகரியம் போதும், எங்களை யாராலயும் பாதியில அனுப்பி வைக்க முடியாது.