அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குக் காப்புக் கட்டவில்லை

அம்மனை நம்பியிருக்கும் சகோதரிகளே, முதலில் என் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். நன்றி அதற்குள்தான் இருக்கிறது.

கல்யாணமாகி ஆறு வருடம் எனக்குக் குழந்தை இல்லை. அந்த ஆறு வருடத்தில் எனக்கு வந்த வாந்தி எதுவும் வெறும் வாந்தியாக இருந்ததில்லை. கொட்டாவி விட்டால் மசக்கை. மாங்காய் கடித்தால் மசக்கை. எங்கள் ஊர் பெரியகுளத்தில் மாங்காய் கடிக்காதவர் யார்? என் மாமியார் இரண்டு முறை சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டே சொல்லிவிட்டார். இரண்டு முறையும் மூன்றாம் நாள் நான் குளியலறையில் அழுதேன்.

அதன்பிறகு அறிகுறி என்ற சொல்லே எனக்கு ஆகாது. கைக்குக் கிடைத்த மருத்துவ நூல்களை வாசித்தேன். உடம்பை விட்டுவிட்டு டைரியை நம்பினேன். ஒவ்வொரு மாதவிலக்கும் தேதியோடு அதில் இருக்கும். போன வருடம் தை 28. அடுத்தது மாசி 26.

மாசி 29 அன்று கோயிலில் சண்டையே போட்டேன். “கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது ஆத்தா. உண்டா இல்லையான்னு தெளிவாச் சொல்லிரு” என்றேன். பங்குனித் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்தும் கொண்டேன்.

பங்குனி பிறந்ததும் பூண்டு நாற ஆரம்பித்தது. என் கணவருக்கு வடுகபட்டியில் பூண்டு வியாபாரம். அவர் சட்டையைத் தொட்டாலே குமட்டியது.

“பூண்டுக்காரன் பொண்டாட்டிக்குப் பூண்டு நாறுதாம். இனி மல்லிகைப்பூ யாவாரத்துக்குத்தான் போகணும்” என்றார்.

மாமியார் என் முகத்தையே பார்த்தார்.

“அத்தை, வாயத் தொறக்காதீக.”

“நான் என்னத்தா சொன்னேன்? பாக்கவும் கூடாதா?”

பகலில் தூக்கம். மார்பு கனம். அடிக்கடி சிறுநீர். எல்லாவற்றுக்கும் வெயில் என்ற ஒரே பதில்தான் என்னிடம்.

பங்குனி 14, செவ்வாய், காப்புக் கட்டு. எங்கள் கோயிலில் பெண்களுக்குப் பூசாரியின் மனைவிதான் மஞ்சள் கயிறு கட்டுவார். விரத நாளுக்குள் விலக்கு வரக்கூடாது என்பதால் ஒவ்வொருவரிடமும் தேதி கேட்பார். கர்ப்பிணிகளுக்குக் கட்டமாட்டார். காப்புக் கட்டினால் ஒருவேளைச் சாப்பாடு, கடைசி நாள் கையில் நெருப்போடு வெயிலில் நடை.

நான் டைரியையே நீட்டினேன். “மாசி 26. அடுத்தது 24-லதான் வரும். 21-லயே சட்டி எடுத்து முடிச்சிருவேன்.”

“போன தடவ எத்தன நாளு இருந்துச்சு?”

“ஒரு பொழுதுதான். லேசா.”

“எப்பவும் அப்பிடியா?”

“எப்பவும் நாலு நாள்.”

அவர் கயிற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். “மூத்தவன் உண்டானப்ப எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. போ ஆத்தா, டெஸ்ட் எடுத்துட்டு வா. வயித்துப்பிள்ளைக்காரிக்குக் காப்புக் கட்டுனா ஆத்தா என்னயத்தான் வையும்.”

பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. எனக்குக் காது சூடாகிவிட்டது. மூன்றாவது முறையும் ஊர் பேசப்போகிறது. மருந்துக்கடையில் சோதனைக் கருவி வாங்கி வந்தது என் கணவர். அந்த அம்மாளின் மூக்கை உடைக்கத்தான் நான் செய்து பார்த்தேன்.

இரண்டு கோடு.

மறுநாள் ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்தது. “மாசியில வந்தது விலக்கே இல்லம்மா. கரு ஒட்டும்போது சிலருக்கு இப்படி லேசாப் படும். ஆனா ரத்தம் பட்டா எதுன்னு நாங்கதான் பாத்துச் சொல்லணும், நீங்களே முடிவு பண்ணாதீங்க” என்றார் மருத்துவர். பட்டினியும் கூடாது, வெயிலும் கூடாது என்றார். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். எனக்கும் நடக்கலாம் என்று நினைக்கத்தான் தைரியம் இல்லை.

நான் கோயிலில் சண்டை போட்ட அன்றைக்கே ஆத்தா கொடுத்து முடித்திருந்தாள். எனக்குத்தான் தெரியவில்லை. பட்டினியோடு நெருப்பைத் தூக்காமல் தடுத்ததும் அவள்தான்.

கார்த்திகை 5, காலை ஆறு இருபதுக்கு மகள் பிறந்தாள். இந்தப் பங்குனியில் என் கணவர் தீச்சட்டி எடுத்தார். நான் இப்போது யாரிடமும் எரிந்து விழுவதில்லை என்று எழுத ஆசை. குறைத்திருக்கிறேன்.

சகோதரிகளே, அவளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டால், பதில் யார் வாயில் வந்தாலும் காது கொடுங்கள். நாளில் சந்தேகம் வந்தால் எரிச்சலோடாவது போய்ப் பரிசோதித்துவிடுங்கள். நான் அப்படித்தான் போனேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.