சௌரியமுங்க

பல்லடத்துக்குப் பக்கத்தில், தறிக்குடோன்களுக்கு நடுவே ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்த ராசாத்தாளிடம் யார் எப்போது "சௌரியமுங்களா?" என்று நலம் விசாரித்தாலும் பதில் ஒன்றுதான்: "சௌரியமுங்க." பிரசவ வலியோடு பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது எதிரே வந்தவர் கேட்டதற்கும் பல்லைக் கடித்துக்கொண்டு அதையேதான் சொன்னாள். புருஷன் தம்பிதுரை தறியில் விரலைக் கொடுத்துவிட்டுப் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்த நாளில், பார்க்க வந்தவர்களிடம் இருவரும் சேர்ந்தே சொன்னார்கள். கொங்கு நாட்டு மரியாதை அப்படி. கிணற்றில் மூழ்கிக்கொண்டிருப்பவன்கூட மேட்டில் நிற்பவரைப் பார்த்து "சாப்டீங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் மூழ்குவான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் இந்த மரியாதை அவள் மகளின் உயிரோடு விளையாடிப் பார்த்தது.

மகள் பெயர் வர்ஷினி. கூலிக்குத் தறி ஓட்டும் வீடாக இருந்தாலும் பெயரை மட்டும் டவுன் பெயராக வைத்திருந்தார்கள். ஒன்பது வயதில் அந்தப் பெண்ணுக்கு அடங்காத தாகம் பிடித்தது. சொம்பு சொம்பாகக் குடித்தாள், விடிய விடிய எழுந்து கொல்லைக்குப் போனாள், ஆள் மட்டும் துரும்பாக இளைத்தாள். எல்லாரும் வெயில் என்றார்கள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூர் பீளமேட்டுக்கு ஓடினார்கள். அங்கே கிளினிக் வைத்திருந்த டாக்டர் பாலகோபால் அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, கூடவே நின்று பிழைக்க வைத்தார்.

"குழந்தைக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி போடணும். ஒருநாள்கூட விடக் கூடாதும்மா, விட்டா மறுபடி இதே கதிதான்" என்றார். ஊசி போடவும் சொல்லிக் கொடுத்தார். பிறகு பேனாவை எடுத்து, சீட்டு எழுதுவதற்கு முன்னால் கேட்டார்: "சௌகரியமெல்லாம் எப்படி?"

ராசாத்தாள் எழுந்து நின்று கும்பிட்டாள். "சௌரியமுங்க. உங்க புண்ணியத்துல ஒரு கொறையுமில்லீங்க."

டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கோயமுத்தூருக்குப் புதுசு. ஒரு குறையும் இல்லாத வீடு என்று சந்தோஷப்பட்டு, வெளிநாட்டிலிருந்து வருகிற உசத்தியான புது மருந்தாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் என்ன, ஆரம்பமாயிற்று கூத்து. மருந்து என்றால் இந்த விலைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் ராசாத்தாள். குளிர்ச்சிக்காக மண்பானையில் ஈர மணல் பரப்பி, இன்சுலின் பாட்டிலைச் சின்ன டப்பாவில் போட்டு, அடைகாக்கிற கோழியைப் போலக் காவல் காத்தாள். முதலில் வெள்ளாடுகள் சந்தைக்குப் போயின. தம்பிதுரை ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் பார்த்தான். கடைசியில் காதுத் தோடு போனது. காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு திரிந்தவளை அடுத்த வீட்டு லட்சுமியம்மாள் விடுவாளா?

"ஏன் அம்மணி, தோடு எங்கே?"

"பாலிஷ் போடக் குடுத்திருக்கறனுங்க அக்கா."

"அப்புறம், சௌரியந்தானே?"

"சௌரியமுங்க."

புளுகினாலும் ஒரு பொருத்தமாகப் புளுக வேண்டாமா? தோடு பாலிஷுக்குப் போய் மாசக் கணக்காயிற்று.

அடுத்த பாட்டில் வாங்க வேண்டிய நாள் வந்தபோது வீட்டில் விற்க ஒன்றும் மிச்சமில்லை. பானைக்குள் இருந்த பாட்டிலில் மருந்து அடியைத் தொட்டுவிட்டது. குடோன்காரரிடம் வாங்கிய முன்பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு காந்திபுரத்து மெடிக்கல் கடைக்குப் போனாள். கடைக்காரர் பீர் முகம்மது வழக்கமான பாட்டிலை எடுத்து வைத்தார். ராசாத்தாள் அதைத் தொடவில்லை.

"ஏனுங், இதுல அரை பாட்டல் கிடைக்குமுங்களா?"

பீர் முகம்மது அவள் காதில் இருந்த குச்சியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "அரையெல்லாம் கிடையாதுங்கம்மா. ஏன், டாக்டர் இதையேதான் வாங்கோணும்னாருங்களா? நம்ம நாட்டுலயே செய்யறது இருக்குதே. விலை ரொம்பக் கம்மி. எங்கம்மா வருஷக் கணக்கா அதைத்தான் போடறாங்க."

ராசாத்தாள் முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள். "அதைக் குடுங்க சாமி!"

"நானா மாத்திக் குடுத்தா தப்பாயிருமுங்க. பச்சைப்புள்ளை. டாக்டரு சீட்டு எழுதோணும். நேராப் போயி, கட்டுபடி ஆகலைன்னு சொல்லுங்க, எழுதிக் குடுத்துருவாரு."

சொல்லுங்க என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். பீளமேட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் அவள் கட்டுபடி ஆகலை என்பதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "ஏனுங் டாக்டரே" என்பது வரைக்கும் வந்தது. அதற்குமேல் நகரவில்லை. பெற்ற அப்பனிடம்கூட இல்லை என்று சொல்லாதவள், உயிரைக் காப்பாற்றிய மனுஷனிடம் போய் எப்படிச் சொல்வாள்? திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். பக்கத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வர்ஷினி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். கன்னத்தில் இப்போதுதான் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

டாக்டர் நிமிர்ந்து பார்த்து, எப்போதும் போலக் கேட்டார்: "வாங்கம்மா, சௌகரியம்தானே?"

"சௌரி..." என்று நாக்கு தன்பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. பாதியில் பிடித்து நிறுத்தினாள். மகளின் கையை இறுக்கிக்கொண்டாள்.

"சௌரியமில்லீங்க."

முப்பத்தஞ்சு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

டாக்டர் பதறி எழுந்தார். "என்னாச்சு? குழந்தைக்கு என்ன?"

"புள்ளை நல்லா இருக்கறாளுங்க. மருந்து வாங்கத்தான் சௌரியமில்லீங்க. ஆடு போச்சு, தோடு போச்சு. இனி விக்கறதுக்கு ஊட்டுல நானும் அவருந்தானுங்க பாக்கி."

"அன்னைக்கே கேட்டேனேம்மா, சௌகரியம் எப்படின்னு! ஒரு குறையும் இல்லைன்னீங்களே!"

"நீங்க சொகம் விசாரிக்கறீங்கன்னு நெனச்சுப்போட்டனுங்க."

"சுகமா? நான் உங்க கையில காசு இருக்கான்னு கேட்டேம்மா!"

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் கண்ணைத் துடைத்தபடியே "அதுக்குக் காசு இருக்குதான்னே கேட்டிருக்கலாமுங்களே?" என்று அவள் மரியாதையாகத் திருப்பிக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வர்ஷினியும் சிரித்தாள். ராசாத்தாளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

புதுச் சீட்டு எழுதியாயிற்று. "இது பழைய வகை மருந்து. மாத்தும்போது அளவு கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், ரெண்டு மூணு தடவை கூட்டிக்கிட்டு வாங்க, பார்த்துச் சரி பண்ணிடலாம். எனக்கு ஃபீஸ் வேண்டாம். பயப்படாதீங்க, குழந்தை நல்லா இருப்பா."

காந்திபுரத்தில் பீர் முகம்மது பாட்டிலை ஐஸ் துண்டோடு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். முந்தானை முடிச்சிலிருந்த பணத்தை ராசாத்தாள் அப்படியே நீட்ட, அதில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது.

"ஏனுங், சரியாப் பாருங்க. தப்பாக் குடுத்துப்போட்டீங்க."

"சரியாத்தான் இருக்குதுங்கம்மா. பாப்பாவுக்கு நல்ல செருப்பா ஒண்ணு வாங்கிக் குடுங்க, சர்க்கரை இருந்தா காலைப் பத்திரமாப் பாத்துக்கோணும்."

கடை வாசலில் நின்று அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். பசிக்கிறது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பல்லடம் பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரத்தில் லட்சுமியம்மாள்! துணி எடுக்க வந்தவள் பைகளை மடிக்கு மாற்றி இடம் கொடுத்தாள்.

"சௌரியமா அம்மணி? பாலிஷுக்குப் போன தோடு இன்னுமா வல்லை?"

வர்ஷினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அது வராதுங்க அக்கா. இவ மருந்துக்கு வித்துப்போட்டனுங்க" என்றாள் ராசாத்தாள், ஐஸ் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு. "ஆனா சௌரியமுங்க. இன்னைக்கு நெசமாலுமே சௌரியமுங்க."