இரண்டாவது பிளக்

நேற்று மத்தியானம் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தபோது, பக்கத்து செக்‌ஷன் பிரபு கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினான். திரையில் ஒரு சிவப்பு வண்டி. பாதி மூடிய முன்முகம், இரண்டாகப் பிரிந்த சீட்டு, தடித்த பின்சக்கரம். ‘ஒரே ஓனர், வெளிநாட்டில் இருப்பதால் ஓட்டவில்லை, விலை பேசிக்கொள்ளலாம்’ என்று கீழே போட்டிருந்தது.

“அண்ணே, ஞாயித்துக்கெழம ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துருவமா? நீங்க கூட நின்னா வெலய அடிச்சுப் பேசிரலாம்” என்றான்.

“எனக்கு வேல இருக்குப்பா.”

ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்ன வேலை என்பது கம்பெனிக்கே தெரியும். கறி எடுத்துக்கொடுத்துவிட்டுத் தூங்குவேன். பிரபு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். அவனிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னோடு வண்டி பார்க்க வரப்போவதில்லை, அந்தத் தைரியம்தான்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக ஹைவே ஓரம் நிற்பேன். மதுரையிலிருந்து திருச்சிக்குப் போகும் பையன்கள் டேங்க்கின் மேல் படுத்த மாதிரி பறப்பார்கள். முதலில் சத்தம் வரும், அப்புறம் வண்டி வரும், என்ன கலர் என்று பார்ப்பதற்குள் போய்விடும். எங்கள் வீட்டில் அப்பாவின் மொபெட் ஒன்று இருந்தது. உரமூட்டையை ஏற்றினால் பேசாமல் போகும், நான் ஏறினால் மட்டும் மேட்டில் நின்றுவிடும். புது வண்டியின் விலையைக் கேட்ட அன்று, ஷோரூமில் கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தவன் நான். ஆக, பழைய வண்டிதான் என்று முடிவாகிவிட்டது.

பழைய வண்டி என்றால் சேகர். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரன். பங்க்குக்குப் பக்கத்தில் தகரம் போட்டு மெக்கானிக் கடை வைத்திருந்தான். அந்தக் கடையின் வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பெட்ரோல், கிரீஸ், அதற்கு நடுவே அவன் அம்மா கொடுத்தனுப்பும் புளிச்சோறு. வேலை முடிந்து அங்கே உட்கார்ந்துதான் பாடம் கேட்பேன். விலையைக் கேட்பதற்கு முன்னால் என்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நாம் வருவதற்குள் ஓட்டித் தயார் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மீட்டரை நம்பக் கூடாது, கால் வைக்கிற ரப்பரைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொன்னான்.

“புடிச்சிருந்தாலும் மூஞ்சில காட்டிராதடா. காட்டுனா அஞ்சாயிரம் போச்சு.”

பொன்னமராவதியில் ஒரு வண்டி பார்த்தோம். மீட்டர் எட்டாயிரம் கிலோமீட்டர் என்றது, ரப்பர் தேய்ந்து உள்ளே இரும்பு தெரிந்தது. சேகர் அதைத் தொட்டுக் காட்டியதும், வண்டிக்காரர் தன் மச்சான் ஓட்டினான் என்றார். எல்லா வண்டிகளையும் யாரோ ஒரு மச்சான்தான் கெடுத்திருக்கிறான். இரண்டு மூன்று இடம் அலைந்து வெறுத்துப்போன நேரத்தில், திருமயத்துக்கு உள்ளே ஒரு ஊரில் நல்ல வண்டி நிற்கிறது என்று தகவல் வந்தது.

ஏலச்சீட்டு எடுத்த பணம் ஐம்பதாயிரத்தைக் கால்சட்டையின் இரண்டு பையிலும் பிரித்து வைத்துக்கொண்டு, சேகரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் பையைத் தொட்டுக்கொண்டே போனதில் பார்க்கிறவர்கள் எனக்கு ஏதோ சொறி என்று நினைத்திருப்பார்கள். கோட்டையைத் தாண்டி உள்ளே திரும்பி, கொஞ்ச தூரத்தில் அந்த வீடு. பக்கத்தில் ஓலைக் கொட்டகை. அதற்குள் ஒரு பழைய சேலையைப் போர்த்தி, நாலு மூலையிலும் முடிச்சுப் போட்டு வண்டியை நிறுத்தியிருந்தார்கள்.

வண்டிக்காரர் முருகேசன் அண்ணனுக்கு முப்பது வயது இருக்கும். வளைகுடாவில் கட்டட வேலை. இரண்டு வருடம் கழித்து, வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, முந்தின வாரம்தான் ஊருக்கு வந்திருந்தார். கையில் மாவுக்கட்டு. கை கூடித் திரும்பிப் போகும்வரை சம்பளம் கிடையாது, அதனால்தான் விற்கிறார். கட்டுப் போட்ட கையால் ஆக்சிலேட்டரை முறுக்க முடியாது என்பதால், வந்ததிலிருந்து அவர் வண்டியில் ஏறவே இல்லை.

அவர் மனைவிதான் முடிச்சுகளை அவிழ்த்தார். சேலை விலகியதும் நான் பார்த்த சிவப்பை எப்படிச் சொல்வது? ஒரு கீறல் இல்லை. டேங்க்கில் என் முகம் தெரிந்தது, அந்த முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. சேகர் என் காலை ஓங்கி மிதித்தான்.

“வாராவாரம் நாந்தான் தம்பி ஸ்டார்ட் பண்ணுவேன்” என்றார் அந்த அக்கா. “பச்ச லைட்டு எரிஞ்சாத்தான் பட்டன அமுக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. பத்து நிமிசம் ஓட விட்டு நிறுத்திருவேன். போன கிட்டக்க வச்சு அவருக்கும் சத்தத்தக் கேக்க விடுவேன்.”

“ரூம்ல அம்புட்டுப் பேரும் சிரிப்பானுக” என்றார் முருகேசன் அண்ணன். “பொண்டாட்டிகூடப் பேசச் சொன்னா வண்டிகூடப் பேசுறாம்பானுக.”

அக்கா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார். தாலி தவிர நகை எதுவும் இல்லாத ஒல்லியான மனுஷி. அந்த வண்டியைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலில் ஒரு பெருமை ஏறியது.

சேகர் என்ஜினில் கை வைத்தான். சில்லென்று இருந்தது. அக்காவே சாவியைப் போட்டு பட்டனை அமுக்கினார். முதல் அமுக்கிலேயே பிடித்துக்கொண்டு, ஒரே சீராக ஓடியது. விலை அறுபத்திரண்டாயிரம் என்றார் அண்ணன். சேகர் டயரைச் சொன்னான், செயினைச் சொன்னான், பேட்டரியைச் சொன்னான். ஐம்பத்தெட்டில் வந்து நின்றுவிட்டது. என்னிடம் இருந்தது ஐம்பது. அதற்கு மேல் ஒரு ரூபாய்க்கு வழியில்லை.

“ஒரு நிமிசம் பாத்துக்கிறேண்ணே” என்று சொல்லிவிட்டு, சேகர் என்ஜினை நிறுத்திவிட்டு வண்டியின் வலது பக்கம் குத்தவைத்து உட்கார்ந்தான். ஆயில் பார்க்கிற மாதிரி குனிந்தவன், இடது கையை உள்ளே விட்டு இரண்டு விரலால் எதையோ இழுத்தான். அது என்ன என்று எனக்குத் தெரியும். அந்த வண்டியின் என்ஜினுக்குப் பொறி கொடுக்க இரண்டு பிளக். ஒன்றின் தலையில் செருகியிருக்கும் கேப்பை இழுத்துவிட்டாலும் ஸ்டார்ட் ஆகும், நின்ற இடத்தில் ஓடும். ரோட்டில் போனால் இழுக்காது, திக்கும். போன மாதம்தான் கடையில் வேறொரு வண்டியில் எனக்கு அதை வேடிக்கையாகச் செய்து காட்டியிருந்தான்.

நான் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஐம்பதுக்குள் வந்துவிடும் என்றுதான் என் புத்தி கணக்குப் போட்டது.

சேகர் முன்னால், அண்ணன் பின்னால் உட்கார்ந்து கண்மாய்க்கரை வரை போய்வந்தார்கள். போகும்போது சிரித்துக்கொண்டு போன மனிதர் வரும்போது வேறு முகத்தோடு இறங்கினார்.

“மிஸ்ஸிங் அடிக்குதேப்பா. வாங்குனப்ப பறந்த வண்டி இது.”

சேகர் தலையைச் சொறிந்தான். “சும்மாவே நின்ன வண்டிதானண்ணே. ஸ்டார்ட் பண்ணாம விட்டா உள்ளுக்குள்ள அடச்சுக்கிரும். என்ஜின எறக்கித்தான் பாக்கணும், எப்பிடியும் பத்து ரூவா இழுத்துரும்.” பத்து ரூவா என்றால் பத்தாயிரம்.

அவன் விலைக்காகச் சொன்ன பேச்சு அது. அது போய் யார் மேல் விழும் என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

முருகேசன் அண்ணன் மெதுவாகத் திரும்பினார். “ஏன்டி, ரெண்டு வருசத்துல ஒங்கிட்ட நான் சொன்னது ஒரே ஒரு வேல.”

“ஞாயித்துக்கெழம தவறாமப் போட்டேங்க. ஒங்களுக்குத்தான் கேக்க வச்சேன்ல.”

“என்னத்தக் கேக்க வச்ச? ஒரு நா போட்டுப் போன்ல பிடிச்சு வச்சுக்கிட்டு, அதையே வாராவாரம் எனக்குப் போட்டுக் காமிச்சியோ என்னமோ.”

அக்கா அழவில்லை. “எனக்கு அதெல்லாம் பண்ணத் தெரியுமாங்க?” என்றார். சேகர் செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். அப்புறம் அக்கா என் பக்கம் திரும்பினார். அதுவரை பேசாமல் நின்றவன் நான் ஒருவன்தானே.

“தம்பி, நீங்களே சொல்லுங்க. மொதல்ல நான் போட்டப்ப சத்தம் நல்லாத்தான இருந்துச்சு?”

ஆமாம் என்று சொன்னால் போதும், மீதியை அண்ணனே கேட்டிருப்பார். சேகர் என்னைப் பார்க்காமல் பார்த்தான். பைகளில் இரண்டு கட்டும் கனத்தன.

“எனக்கு வண்டியப் பத்தி அவ்வளவாத் தெரியாதுக்கா” என்றேன்.

அந்த அக்கா சேலையை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். மறுபடி வெளியே வரவில்லை. நாற்பத்தெட்டாயிரத்துக்கு முடிந்தது. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களால் பேனாவைப் பிடித்து, அண்ணன் பேப்பர்களில் சிரமப்பட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆர்.சி. புக்கைக் கொடுக்கும்போது, “நல்லாப் பாத்துக்கங்க தம்பி” என்றார்.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஒரு பாலத்தின் ஓரம், தன் வண்டியில் கூடவே வந்த சேகர் நிறுத்தச் சொன்னான். குனிந்து, கழற்றிய கேப்பைக் கட்டை விரலால் அமுக்கினான். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். “இப்ப முறுக்குடா” என்றான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அடுத்த பத்து கிலோமீட்டருக்கு எனக்கு எந்த ஞாபகமும் இல்லை. வண்டி பறந்தது, நான் சிரித்துக்கொண்டே போனேன். ஹெல்மெட்டுக்குள் கத்தினேன்கூட. டீக்கடையில் நிறுத்திக் கிளாஸைக் கையில் வாங்கியபோதுதான், ‘தம்பி, நீங்களே சொல்லுங்க’ என்ற குரல் வந்தது. திரும்பிப் போகலாம் என்றேன்.

“போயி என்னன்னு சொல்லுவ? களவாண்டோம்னா? விடுடா, புருசன் பொண்டாட்டி சண்ட, நாளைக்குச் சரியாப் போயிரும்” என்றான் சேகர். அதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

நாலு மாதம் நம்பினேன். ஓரளவுக்கு மேல் முடியவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அதே வண்டியில் தனியாகப் போனேன். அண்ணன் கை கூடி வெளிநாட்டுக்குப் போய்விட்டிருந்தார். அக்கா அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விலையில் அடித்த பத்தாயிரத்தையும் கொண்டுபோயிருந்தேன். பம்பின் பிடியை விடாமல் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இத எங்கிட்ட எதுக்குத் தம்பி சொல்றீங்க? நான் ஸ்டார்ட் பண்ணுனது எனக்குத் தெரியாதா? அவருகிட்டல்ல சொல்லணும்” என்றார். பணத்தைத் தொடவில்லை. “அதையும் அவருகிட்டயே பேசிக்கங்க” என்று அவருடைய நம்பரைச் சொன்னார். ஒவ்வொரு எண்ணாகப் பதிந்துகொண்டேன். “சொல்லிர்றேங்க்கா” என்றேன்.

வெள்ளிக்கிழமை அவர்களுக்கு லீவு என்று விசாரித்து வைத்துக்கொண்டு, அன்று காலையில் கூப்பிட்டேன். எடுத்துவிட்டார். யார் என்று சொன்னதும் அவ்வளவு சந்தோஷம்.

“தம்பி! வண்டி எப்பிடி ஓடுது?”

“நல்லா ஓடுதுண்ணே.”

“எறக்கிப் பாத்தீங்களா? நல்லதாப் போச்சு. எங்க வீட்ல அதக் கவனிக்காம விட்டுருச்சு தம்பி, அதான் வெலயும் போச்சு. எல்லாத்தையும் பாத்துக்கிறேன் பாத்துக்கிறேன்னுதான் சொல்லும். இப்பல்லாம் அது எதச் சொன்னாலும் ஒரு தடவ ரோசனையாத்தான் இருக்கு.”

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. சொல்ல வேண்டிய வரியை முன்தினமே தாளில் எழுதி எதிரே வைத்திருந்தேன். அந்தத் தாளை நாலாக மடித்தேன்.

“சரிண்ணே, ஒடம்பப் பாத்துக்கங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. ரோட்டில் மேம்பாலம் கட்ட வந்தபோது சேகரின் தகரக்கடை போனது. அவனும் நானும் பேசி ஏழு வருடமாகிறது, சண்டையெல்லாம் இல்லை. வண்டியை மூன்று வருடம் வைத்திருந்துவிட்டு விற்றேன். அதன் குறைகள் ஒன்றுவிடாமல் நானே வரிசையாகச் சொன்னதில், வாங்க வந்தவர் பயந்துபோய் எழுந்து போனார், அடுத்தவர்தான் வாங்கினார். என் கல்யாணத்துக்கு முந்தின மாதம் ஒருவழியாகத் துணிந்து அந்த நம்பருக்கு மறுபடி போட்டேன். உபயோகத்தில் இல்லை என்று ஏதோ ஒரு பாஷையில் வந்தது. மறுநாளே நேரில் போனேன். வீட்டில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்ட் தளம் போட்டிருந்தார்கள். வீட்டை விற்றுவிட்டு வெளியூர் போய்விட்டதாகச் சொன்னார்கள், எந்த ஊர் என்று தெரியவில்லை.

சொல்லிவிடுகிறேன் என்று நான் சொன்னதை அந்த அக்கா நம்பியிருப்பார். அண்ணன் அடுத்த முறை கூப்பிடும்போது அவராகவே அந்தப் பேச்சை எடுப்பார், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்பார் என்று எதிர்பார்த்திருப்பார். அண்ணனுக்குத் தெரிந்தால்தானே எடுப்பார். நான் பேசவே இல்லை என்று அக்கா நினைத்திருந்தால் பரவாயில்லை, என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பார். நான் எல்லாவற்றையும் சொல்லி, அதைக் கேட்ட பிறகும் தன் புருஷன் தன்னை நம்பவில்லை என்று நினைத்திருந்தால்?