அதே அட்டை, வேறு ஆள்

மருந்துக் கடையில் நிற்பவளுக்குக் கை ஓடினால் மட்டும் போதாது, வாயும் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். வைத்திய விஷயத்தைப் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதும் பயம்தான். என்னைப் போலக் கடைகளில் நிற்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஸ் அவசரம்

மலையகத்துப் பசறையில் எங்கள் கடைக்கு வரும் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பலர் டொக்டர் மருந்தெழுதிக் கொடுக்கும் துண்டு கொண்டுவருவதில்லை. தீர்ந்துபோன மாத்திரை அட்டையை நீட்டி, "இதே மாதிரி" என்பார்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மாரியப்பன் அண்ணனும் அப்படித்தான் நீட்டினார். அவர் மனைவி சரசு போன மாதம் சிறுநீர் எரிச்சலுக்கு வாங்கிய மாத்திரை அது. மருந்து படித்த எங்கள் பார்மசி ஐயா சாப்பிடப் போயிருந்தார். "யாருக்குண்ணே?" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார்.

"அவளுக்குத்தான் தங்கச்சி, சீக்கிரம் குடும்மா, பஸ்சு போயிரும்."

கொடுத்துவிட்டேன்.

வாசலோடு திரும்பிய மருந்து

இரண்டு கிழமை, பதினாலு நாள் கழித்துச் சரசு அழுதுகொண்டு வந்தாள். மாரியப்பன் அண்ணன் குளிரில் நடுங்கி, சிறுநீரும் கழிக்க முடியாமல் பதுளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். "எனக்கு எப்பவோ சொகமாயிருச்சுக்கா, மாத்திரையெல்லாம் அவருதான் முழுங்குனாரு."

ஐயாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போடமாட்டார், மெதுவாக விளக்கினார். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே புரோஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம், மாரியப்பன் அண்ணனுக்கு அதில்தான் கிருமியாம். சரசுவின் மாத்திரை சிறுநீரில் சேர்ந்து பையைத்தான் சுத்தம் செய்யுமாம். இரத்தத்திலிருந்து அந்தச் சுரப்பிக்குள் நுழையக்கூடிய மருந்துகள் சிலதானாம். அவையும் கிழமைக்கணக்கில் வேலை செய்ய வேண்டுமாம்.

"நீர் குடுத்த மருந்து வாசலிலை நிண்டிட்டுத் திரும்பிப் போட்டுது பிள்ளை, கிருமி உள்ளுக்கை சுகமா இருந்திட்டுது."

நாலு கிழமை

மாரியப்பன் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து இளைத்துப்போய் வந்தார். மலை ஏற முடியாததால் கவ்வாத்து வேலை போய்விட்டது. இந்த முறை கையில் துண்டு இருந்தது, நாலு கிழமை மருந்து. காய்ச்சல் விட்டுவிட்டது, பாதி போதாதா என்றார். "கிருமி இன்னும் உள்ளே ஒளிந்திருக்கும், ஒரு நாள்கூட விடக்கூடாதுண்ணே" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் துண்டை மடித்துக்கொண்டே சொன்னார்.

"பொம்பளகிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு தங்கச்சி, அன்னிக்கு இன்னொரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

இப்போதெல்லாம் ஐயா சாப்பிடப் போகும்போது அன்டிபயோட்டிக் அலுமாரியைப் பூட்டிச் சாவியை அவரிடமே கொடுத்துவிடுகிறேன், என் வாயை நம்புவதைவிடப் பூட்டை நம்புவது எல்லோருக்கும் சுகம்.